திரையில் வராத கடைசிச் சரணம்

அன்புள்ள ஐயா,

சபையில் பிள்ளைகளுக்கு நடத்தும் ஓய்வுநாள் பள்ளியில் என் மகனுக்கு வாரம் ஒரு பாட்டைப் பாமாலையிலிருந்து, அதாவது ஆராதனைப் பாட்டுப் புத்தகத்திலிருந்து, மனப்பாடம் செய்யச் சொல்கிறார்கள். ஆலயத்தில்தான் எல்லாம் திரையில் வந்துவிடுகிறதே. அர்த்தம் புரியாத வயதில் ஒப்பித்து என்ன பயன்?

– ஒரு வாசகி, தூத்துக்குடி

அன்புள்ள சகோதரிக்கு,

கண்ணாடியை வீட்டில் மறந்துவிட்டுப் போகிற நாளில் திரை எனக்கும் உதவிதான். ஆனால் அதில் வருவது ஒரு நேரத்தில் இரண்டு வரி. பாட்டு எங்கே தொடங்கி எங்கே போய்ச் சேருகிறது என்று பாடுகிறவருக்குத் தெரிவதே இல்லை. நேரமாகிவிட்டதென்று இரண்டு சரணத்தோடு நிறுத்திவிட்டால் கேட்கவே வேண்டாம்.

‘என்னோடிரும், மா நேச கர்த்தரே’ பாட்டையே பாருங்கள். முதல் சரணம் மட்டும் தெரிந்தவருக்கு அது சாயங்கால ஜெபப் பாட்டு. இருட்டுகிறது, கூட இரும் என்கிறார், அவ்வளவுதான். கடைசிச் சரணம்வரை போனால்தான் மங்கிக்கொண்டிருப்பது ஆயுள் என்று பிடிபடும். சாகிற நேரத்தில் சிலுவையைக் காட்டும்படி அங்கே கேட்கிறார். இதன் ஆங்கில மூலத்தை எழுதியவர் ஹென்றி பிரான்சிஸ் லைட், இங்கிலாந்தில் பிரிக்ஸ்ஹாம் என்ற மீன்பிடி ஊரின் போதகர். காசநோய் முற்றிய நிலையில் 1847 செப்டம்பரில் சபையிடம் விடைபெற்றுக் கிளம்பினார். நவம்பரில் நீஸ் நகரில் இறந்தார்.

உங்கள் மகனுக்கு இதெல்லாம் இப்போது புரியாது. சரி, புரிய வேண்டாம். தஞ்சைக் கிறிஸ்தவக் கவிஞர் வேதநாயகம் சாஸ்திரியாரின் கீர்த்தனைகளை எழுத்தே தெரியாத பாட்டிமார் புத்தகமில்லாமல் பாடினார்கள். சரணத்துக்குச் சரணம் பல்லவி திரும்பி வரும், எதுகை அடுத்த வரியை இழுத்து வரும். அப்படிச் சின்ன வயதில் பதிந்தது லேசில் போகாது. மறதி நோயில் பிள்ளைகளின் பெயரே நழுவிப்போனவர்கள்கூட பழைய பாட்டை வரி பிசகாமல் பாடுவதுண்டு.

எனக்குப் பிடிக்காதது ஒன்று உண்டு: பரிசுப் போட்டி வைத்து, ராகமில்லாமல் தடதடவென்று ஒப்பிக்க வைப்பது. ராகத்தை விட்டுவிட்டால் வார்த்தை மூன்றாம் நாளே போய்விடும். அப்புறம், எல்லாப் பாட்டுக்கும் இந்த மெனக்கெடல் தேவையில்லை. நாலே வார்த்தையைத் திரும்பத் திரும்பப் பாடுகிறதற்கு மனப்பாடம் எதற்கு?

வீட்டில் சொல்லிக்கொடுக்கும்போது கடைசிச் சரணத்திலிருந்து ஆரம்பியுங்கள். முதல் சரணம் ஆலயத்தில் பாடிப் பாடியே வந்துவிடும்.