பேப்பர் இல்லாத ஷெட்டும் வங்கியில் பூட்டிக் கிடக்கும் மானியமும்

கேள்வி: ஓசூரில் வாடகை ஷெட் எடுத்து, விஎம்சி மெஷின் (உலோகத்தைச் செதுக்கும் கணினி இயந்திரம்) போட்டு, மற்ற கம்பெனிகளுக்குக் கூலி அடிப்படையில் ஜாப் ஒர்க் செய்கிறேன். பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டத்தில் (பிஎம்இஜிபி) 20 லட்சம் ரூபாய் திட்டத்துக்குக் கடன் வாங்கினேன். மகளிர் என்பதால் 25 சதவீதம், அதாவது 5 லட்சம் மானியம் 2024 நவம்பரில் வங்கிக்கு வந்தது. ஷெட்டுக்கு 20 ரூபாய் ஸ்டாம்ப் பேப்பரில் 11 மாத ஒப்பந்தம் போட்டோம். அது முடிந்து ஓராண்டாகிறது, புதுப்பிக்கவில்லை. வாடகை 18,000, அட்வான்ஸ் 2 லட்சம். சுற்றிலும் கம்பெனிகள் வந்துவிட்டன என்று ஓனர் இப்போது 35,000 கேட்கிறார். இல்லாவிட்டால் ஒரு மாதத்தில் காலி செய்யச் சொல்கிறார், கரண்ட்டைப் பிடுங்குவேன் என்கிறார். கடந்த இரண்டு மாத வாடகையை ஜிபேயில் போட்டதும் திருப்பி அனுப்பிவிட்டார். ஒப்பந்தம் இல்லாததால் என்னைக் காலி செய்ய வைக்க முடியாது என்று நண்பர்கள் தைரியம் சொல்கிறார்கள். உண்மையா?

பதில்: உண்மை இல்லை அம்மா. உங்கள் நண்பர்கள் சொல்வது 1960-ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்ட காலத்துப் பேச்சு. அந்தச் சட்டம் போய்விட்டது. 2019 பிப்ரவரி 22 முதல் நடப்பில் இருப்பது, நில உரிமையாளர்கள், வாடகைதாரர்களின் உரிமைகள், பொறுப்புகளை முறைப்படுத்தும் தமிழ்நாடு சட்டம், 2017. வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், ரென்ட் அத்தாரிட்டியிடம் (வாடகை விவகாரங்களைக் கவனிக்கும் அரசு அதிகாரி) பதிவாகவும் வேண்டும் என்பது அதன் அடிப்படை. '11 மாதம்தானே, பதிவு வேண்டாம்' என்று நோட்டரி வாசலில் சொல்வது சார்பதிவாளர் அலுவலகத்துக்கு மட்டும் பொருந்தும், இந்தச் சட்டத்துக்குப் பொருந்தாது. எழுத்து ஒப்பந்தம் போடாமல் இருப்பதே இடத்தை மீட்க ஓனருக்கு ஒரு காரணம் என்று 21(2)(அ) பிரிவு சொல்கிறது. ஆக, ஒப்பந்தம் இல்லாதது உங்களுக்குக் கேடயமாக இருக்காது, அவர் கையில்தான் அது ஆயுதம்.

காலம் முடிந்த ஒப்பந்தம் அதே நிபந்தனைகளில் அதிகபட்சம் 6 மாதம் மாதாமாதம் நீடித்ததாகச் சட்டம் கருதும். அந்த 6 மாதமும் உங்களுக்குத் தாண்டிவிட்டது.

ஆனால் அவர் அவசரப்படுவதற்கு வழியில்லை. காலி செய்ய வைக்க அவர் வாடகை நீதிமன்றத்துக்குத்தான் போக வேண்டும். பூட்டுப் போடுவது, ஆள் விட்டு மெஷினை இழுத்துப் போடுவது எல்லாம் சட்டவிரோதம். கரண்ட், தண்ணீர் போன்ற அத்தியாவசிய வசதியைத் துண்டிக்கவே கூடாது என்கிறது 20-ஆம் பிரிவு. மீறினால், விசாரணை முடியும் முன்பே இணைப்பைத் திருப்பிக் கொடுக்கச் சொல்லி ரென்ட் அத்தாரிட்டி இடைக்கால உத்தரவு போடலாம். துணை ஆட்சியர் நிலைக்குக் குறையாத அதிகாரிதான் அந்த இடத்தில் இருப்பார். த்ரீ ஃபேஸ் இணைப்பு ஓனர் பெயரில் இருக்கும் என்று நினைக்கிறேன். இத்தனை மாதமாக மின்கட்டணத்தை நீங்கள் கட்டிய ரசீதுகளை ஒரு ஃபைலில் போட்டு வையுங்கள்.

உங்கள் கடிதத்தில் என்னைப் பதற வைத்தது வாடகை திரும்பி வந்த சேதிதான். அவரே திருப்பி அனுப்பினார், நம் மேல் தப்பில்லை என்று சும்மா இருந்துவிடாதீர்கள். இரண்டு மாத பாக்கி என்பது காலி செய்யச் சொல்ல இன்னொரு காரணம். ஜிபே ஸ்கிரீன்ஷாட்டைப் பிரிண்ட் எடுங்கள். அதே தொகையை இன்றே வங்கிக் கணக்கு வழியாகவோ மணியார்டரிலோ மறுபடி அனுப்புங்கள். மறுத்தால் ரென்ட் அத்தாரிட்டியிடம் டெபாசிட் செய்ய மனு கொடுங்கள். அவர் மறுத்ததும் நீங்கள் விடாமல் கொடுக்க வந்ததும் காகிதத்தில் தெரிய வேண்டும்.

இனி மானியம். ஓனர் விஷயத்தைவிட இது பெரிது. அந்த 5 லட்சம் இன்னும் உங்கள் பணம் ஆகவில்லை. வங்கியில் மூன்று ஆண்டு வட்டியில்லா டெபாசிட்டாக இருக்கும், அதற்கு ஈடான கடன் தொகைக்கு வங்கியும் வட்டி வாங்காது. 2027 நவம்பர் வரை யூனிட் ஓட வேண்டும், நேரில் வந்து பார்ப்பவர்களின் கண்ணில் பட வேண்டும். நடுவில் மூடினால் மானியம் போய்விடும், கடன் வாராக்கடன் ஆனாலும் சிக்கல்தான். வேறு ஷெட்டுக்கு மாறுவது மூடுவது ஆகாது. ஆனாலும் வங்கிக்குச் சொல்லாமல் மாறினால் வெறும் ஷெட்டைப் பார்த்து 'மூடிவிட்டார்' என்று எழுதிவிடுவார்கள். மெஷின் வங்கிக்கு அடமானம் வேறு, அனுமதி இல்லாமல் கிரேன் வைத்துத் தூக்கக் கூடாது. மாறுவதானால் முதலில் வங்கி மேலாளரிடமும், கடனுக்குப் பரிந்துரைத்தது மாவட்டத் தொழில் மையம் என்றால் கிருஷ்ணகிரியில் அவர்களிடமும் எழுத்தில் அனுமதி வாங்குங்கள். மாறிய 15 நாளுக்குள் ஜிஎஸ்டி பதிவில் முகவரியைத் திருத்த வேண்டும், உத்யம் என்னும் சிறு தொழில் பதிவுச் சான்றிலும் மாற்ற வேண்டும்.

இதையெல்லாம் கூட்டிப் பார்த்தால் சண்டையைவிடப் பேரமே உங்களுக்கு லாபம். 18,000 ரூபாயிலேயே இருக்க வேண்டும் என்று வாதாடச் சட்டம் உதவாது. வாடகை என்பது இப்போது இரு தரப்பும் ஒத்துக்கொள்ளும் தொகைதான், பழைய 'நியாய வாடகை' கணக்கு கிடையாது. அதே தெருவில் மற்ற ஷெட்கள் சதுர அடிக்கு என்ன வாடகைக்குப் போகின்றன என்று நான்கு இடத்தில் விசாரியுங்கள். புரோக்கர் சொல்வதை நம்பாதீர்கள், குடியிருப்பவரைக் கேளுங்கள். ஓனர் 35,000 கேட்பது பெரும்பாலும் பேரம் பேசத்தான். மெஷினுக்குக் கான்கிரீட் படுகை போட்டு, லெவல் பார்த்து ஓட விட்ட உங்களுக்கு இடம் மாறும் செலவு தெரியும். ஓனருக்கும் ஷெட் காலியாகக் கிடக்கும் மாதங்களின் கணக்கு தெரியும். இரண்டுக்கும் நடுவில் ஒரு தொகையில் நிற்பீர்கள்.

அந்தத் தொகைக்கு ஈடாக மூன்று ஆண்டுப் பத்திரம் கேளுங்கள். ஆண்டுக்கு இத்தனை சதவீதம் உயர்வு, அதற்கு மேல் இல்லை என்று எழுதுங்கள். ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகை என்பதால் சார்பதிவாளரிடம் பதிய வேண்டும். மொத்த வாடகையும் அட்வான்ஸும் சேர்ந்த தொகைக்கு 1 சதவீதம் முத்திரைத் தீர்வை, பதிவுக் கட்டணம் 1 சதவீதம், அதற்கு உச்சவரம்பு 20,000 ரூபாய். பிறகு ரென்ட் அத்தாரிட்டி பதிவு. இதற்கு ஓனரோ நீங்களோ விண்ணப்பிக்கலாம், அவர் வருவார் என்று காத்திருக்க வேண்டாம். கான்கிரீட் படுகை, நீங்கள் இழுத்த வயரிங் யாருக்குச் சேரும் என்பதையும் எழுதிவிடுங்கள்.

பேரத்துக்கு முன் ஒரு கணக்கு போட்டுக்கொள்ளுங்கள். நீங்கள் ஜிஎஸ்டியில் காம்போசிஷன் (சிறு வணிகர்களுக்கான எளிய வரி முறை) அல்லாத சாதாரணப் பதிவில் இருந்து, ஓனருக்குப் பதிவு இல்லையென்றால், 2024 அக்டோபர் 10 முதல் வணிக வாடகைக்கான 18 சதவீதத்தை நீங்களே அரசுக்குக் கட்ட வேண்டும். 18,000-க்கு 3,240 ரூபாய், 35,000 ஆனால் 6,300. உள்ளீட்டு வரியாக, அதாவது நீங்கள் கட்ட வேண்டிய ஜிஎஸ்டியில் கழித்துக்கொள்ளும் தொகையாகத் திரும்பக் கிடைக்கும், ஆனால் முதலில் கையிலிருந்து ரொக்கமாகப் போகும். இதுவரை கட்டவில்லை என்றால் உங்கள் ஆடிட்டரை இந்த வாரமே பாருங்கள்.

பேரம் முறிந்து காலி செய்ய நேர்ந்தால், ஷெட்டை ஒப்படைத்து ஒரு மாதத்துக்குள் சேதம், பாக்கி போக அட்வான்ஸ் திரும்ப வேண்டும். சாவி கொடுக்கும் அன்று நான்கு சுவரையும் மின் மீட்டர் ரீடிங்கையும் வீடியோ எடுத்துவிட்டு, சாவி பெற்றதாக அவரிடம் கையெழுத்து வாங்கிய பிறகே வண்டியைக் கிளப்புங்கள்.