காஸாவுக்கும் மன்றாடலாமா? – கடிதமும் பதிலும்

வணக்கம் அண்ணா,

எங்கள் பங்குக் கோவிலில் ஞாயிறு பூசைக்கு விசுவாசிகள் மன்றாட்டு எழுதும் பொறுப்பு அன்பியங்கள் எனும் சிறு குழுக்களுக்கு மாறிமாறி வரும். இந்த மாதம் எங்கள் முறை. காஸா, உக்ரைன், சூடான் என்று எழுதிக்கொண்டு போனோம். "எங்கட பிள்ளையளையே இன்னும் காணேல்லை, இவை ஆருக்கு மன்றாடுகினம்?" என்று ஓர் அம்மா கேட்டுவிட்டார். இன்னொருவர், "செய்தி வாசிக்கிற மாதிரிக் கிடக்கு" என்றார். எப்படித்தான் எழுதுவது?

– ஒரு வாசகி, முல்லைத்தீவு மாவட்டம்

அன்புள்ள தங்கைக்கு,

இருவர் சொன்னதிலும் நியாயம் இருக்கிறது. செய்தி வாசிப்பைத் திருத்துவது சுலபம் என்பதால் அதை முதலில் பார்ப்போம்.

பல கோவில்களில் கேட்கும் வகை இது: "2022 பெப்ரவரி தொடக்கம் நடைபெற்றுவரும் போரினால் பெருந்தொகையான மக்கள் உயிரிழந்தும் இடம்பெயர்ந்தும் உள்ள நிலையில், உலகத் தலைவர்கள் பேச்சுவார்த்தை மூலம்..." வாசிப்பவர் மூச்சு வாங்குகிறார். யாருக்காக மன்றாடுகிறோம் என்று பின்வாங்கில் இருப்பவருக்கு இன்னும் பிடிபடவில்லை. ஆண்டவருக்கு அந்த விபரம் தேவையுமில்லை. யாருக்காக என்பதை முதலில் வையுங்கள், அடுத்து ஒரே ஒரு விண்ணப்பம், அதோடு நிறுத்துங்கள். இருபது சொல்லுக்குள் அடங்கட்டும். இறந்தோர் தொகையை எழுத வேண்டாம். சனிக்கிழமை முகநூலில் பார்த்த எண் ஞாயிறு காலை பிழைத்துவிடும்.

இன்னொரு பிழை, பாதி வசனம் சனங்களைப் பார்த்தும் பாதி ஆண்டவரைப் பார்த்தும் பேசுவது: "அகதிகளுக்காக மன்றாடுவோம், ஆண்டவரே நீர் அவர்களை..." கேட்பவர் எங்கே பதில் சொல்வதென்று தடுமாறுவார். "ஆண்டவரே, உம்மை மன்றாடுகின்றோம்" என்று முடிப்பதானால் எல்லா மன்றாட்டையும் அப்படியே முடியுங்கள். அப்போதுதான் "ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்" ஒரே குரலில் வரும்.

ஒழுங்கை நீங்கள் தேடி அலைய வேண்டியதில்லை. திருப்பலி (பூசை) நூலின் பொது விதிகளில் 70ஆம் எண் தருகிறது: திருச்சபை, ஆட்சியாளரும் உலகமும், துன்புறுவோர், நம் பங்கு. நான்கு போதும், ஐந்தைத் தாண்டினால் சனம் மணிக்கூட்டைப் பார்க்கும். அரசர்களுக்காகவும் மன்றாடச் சொல்லும் 1 திமொத்தேயு 2:1-2 தான் இரண்டாவதற்கு அடிப்படை. ஆனால், "நெல்லுக்கு விலை தராத அரசு மனம் மாற" என்று எழுதினால் அது மேடைப் பேச்சு. வாங்கில் எல்லாக் கட்சிக்காரரும் இருக்கிறார்கள், பாதிப் பேர் வாய் திறக்கமாட்டார்கள். "விலையை முடிவுசெய்வோர் கமக்காரரின் உழைப்பை மதித்து நீதியாய் நடக்க" என்றால் எல்லோரும் பதில் சொல்லலாம். கோரிக்கையும் அப்படியே நிற்கிறது.

இனி அந்த அம்மா. அவர் கேட்டதற்கு விளக்கம் சொல்லிக்கொண்டிருக்காமல் மன்றாட்டில் இடம் கொடுங்கள். கிளிநொச்சியில் 2017 பெப்ரவரி 20இல் வீதியோரம் அமர்ந்த, காணாமல் ஆக்கப்பட்டோரின் தாய்மார் கேட்பது உண்மையை. ஆகவே "ஆறுதல் பெற" என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். "காணாமல் ஆக்கப்பட்ட எங்கள் பிள்ளைகளுக்காகவும் அவர்களைத் தேடும் பெற்றோருக்காகவும்: உண்மை வெளிவர, நீதி கிடைக்க" என்று எழுதுங்கள்.

இதில் மிகவும் கவனம் தேவைப்படும் இடம் ஒன்று உண்டு. போரில் இறந்தோரை நினைக்கும் மே 18ஐ ஒட்டி வரும் ஞாயிறுக்கும் கார்த்திகை மாத இறந்தோர் நினைவுக்கும் பெயர்ப் பட்டியல் எழுதுவீர்கள். காணாமல் ஆக்கப்பட்டவர் பெயரை "நித்திய இளைப்பாற்றி" கேட்கும் பட்டியலில் சேர்த்துவிட்டால், பெற்ற தாயின் முன்னால் கோவில் மரண அறிவித்தல் கொடுத்தது போலாகிவிடும். சில குடும்பங்கள் தாங்களாகவே பூசை ஒப்புக்கொடுக்கின்றன, சில குடும்பங்கள் கடைசிவரை ஒப்புக்கொள்ளமாட்டா. வீட்டுக்குப் போய்க் கேட்டு, அவர்கள் சொன்ன பட்டியலிலேயே எழுதுங்கள். நோயாளர் பெயருக்கும் இதே விதிதான். வருத்தம் என்னவென்று வாசிக்கவே வேண்டாம்.

காஸாவைப் பக்கத்தில் கொண்டுவர அறிவுரை உதவாது, ஒரு சொல் போதும். "மனிதாபிமான நெருக்கடி" என்றால் யார் கண்ணிலும் ஒன்றும் தெரியாது. "காஸாவில் தறப்பாளுக்குக் கீழே மழையில் பிள்ளைகளோடு இருக்கும் தாய்மாருக்காக" என்று வாசியுங்கள். 2009இல் போரால் இடம்பெயர்ந்து செட்டிகுளம் மெனிக் பாம் முகாமில் இருந்தவர்களுக்கு விளக்கவுரை வேண்டியதில்லை. சூடானுக்கு, வயல் விதைக்க முடியாமல் ஊரைவிட்டு ஓடியவர்கள். மத்திய கிழக்கில் பதற்றம் என்றால், அங்கே வேலைக்குப் போயிருக்கும் எங்கள் பங்குப் பிள்ளைகளும். ஒரு ஞாயிறுக்கு ஒரு நாடு போதும். அடுத்த கிழமை அடுத்தது.

வியாழக்கிழமையே ஞாயிறு வாசகங்களைப் படித்துவிட்டு எழுதுங்கள். நற்செய்தியில் கைம்பெண் வந்தால் அந்தச் சொல்லை மன்றாட்டிலும் தொடலாம், மறையுரையைத் திருப்பிச் சொல்லக் கூடாது. சனி மாலை வாசிக்கப்போகிறவர் ஒருதரம் உரக்கச் சொல்லிப் பார்க்கட்டும், நாக்கு இடறும் இடத்தை வெட்டுங்கள். "உம்மை மன்றாடுகின்றோம்" என்பதற்கு முன் மூன்று மூச்சு அளவு மௌனம் விடச் சொல்லுங்கள். உண்மையில் சனங்கள் மன்றாடுவது அந்த இடைவெளியில்தான்.

தாளில் ஒரு வரியை வெறுமையாக விடுங்கள். சுனாமி வந்த 2004 டிசம்பர் 26உம் கோவில்களில் குண்டு வெடித்த 2019 ஏப்ரல் 21உம் ஞாயிற்றுக்கிழமைகள். அப்படி ஒரு காலையில் புதிதாக ஒன்றும் இயற்ற வேண்டாம். இடத்தின் பெயர், இறந்தோர், தேடுவோர், அவ்வளவும் அந்த வரிக்குள் வரும். மௌனத்தை மட்டும் நீட்டுங்கள்.

தொடக்க அழைப்பும் முடிவுச் செபமும் பாதருடையவை, அவற்றை நீங்கள் எழுத வேண்டாம். பெரிய எழுத்தில் எழுதிய தாளைச் சனி இரவே அவர் கையில் கொடுத்துவிடுங்கள்.