மார்ச் 13

அன்புள்ள சார்,

'லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' நேற்று இரவு முடித்தேன். கடைசி அத்தியாயத்தில் ஃப்ரோடோ கப்பலேறும்போது அழுதுவிட்டேன். நாற்பத்தொரு வயதில், இரண்டு பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிக்கொண்டு, மாயாஜாலக் கதைக்கு அழுவதை நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. மன உறுதியால் மோதிரத்தை அழித்து ஊரைக் காப்பாற்றியவன் அதே ஊரில் நிம்மதியாக வாழக்கூடாதா? அவனைச் சொர்க்கத்துக்கு அனுப்பி டோல்கின் நம்மை ஏமாற்றிவிட்டார் என்றே தோன்றுகிறது. பின்னிணைப்பெல்லாம் பட்டியலாக இருந்ததால் படிக்கவில்லை. அடுத்து அவருடைய இன்னொரு புத்தகமான 'சில்மரில்லியன்' படிக்கலாமா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

அழுததற்கு வெட்கம் எதற்கு? அதை விடுங்கள். பின்னிணைப்பைப் படிக்கவில்லை என்று போகிற போக்கில் சொல்லிவிட்டீர்களே, அதைத்தான் என்னால் விட முடியவில்லை. ஆயிரம் பக்கத்துக்கு மேல் அவனோடு நடந்துவிட்டு, அவன் ஏன் போனான் என்று எழுதியிருக்கிற இடத்துக்கு வந்ததும் புத்தகத்தை மூடிவிட்டீர்கள்.

பின்னிணைப்பு 'பி'யை எடுங்கள். ஆண்டுவாரியான குறிப்புகள். கையில் பென்சில் இருக்கட்டும். முதலில் 3018 அக்டோபர் 6. வெதர்டாப் குன்றில் ஃப்ரோடோவின் இடது தோளில் மோர்குல் என்ற மாயக் கத்தி இறங்கிய நாள். அடுத்து 3019 மார்ச் 13. ஷெலோப் என்ற சிலந்தியின் விஷம் ஏறி, அவன் எதிரிப்படையான ஓர்க்குகளின் கையில் சிக்கிய நாள். இரண்டையும் வட்டமிட்டுவிட்டுக் கீழே வாருங்கள். 3020 மார்ச் 13: உடம்புக்கு முடியவில்லை. அக்டோபர் 6: மறுபடி முடியவில்லை. 3021 மார்ச் 13: மறுபடியும். எல்லாம் ஒற்றை வரிக் குறிப்புகள். நடுவில் அவனோடு கடைசிவரை நடந்த தோழன் சாமுக்குக் கல்யாணம் நடக்கிறது, நட்ட மரம் பூக்கிறது, ஊரே கொண்டாடுகிறது.

இங்கே பலரும் தடுமாறுவது ஆண்டுக் கணக்கில். அத்தியாயத்துக்குள் ஃப்ரோடோவின் ஊரான ஷயரின் கணக்குப்படி 1420 என்று வரும், பட்டியலில் 3020 என்று இருக்கும். 1600-ஐக் கூட்டிக்கொண்டால் சரியாகிவிடும். சுவர் காலண்டரை வைத்துச் சரிபார்க்காதீர்கள். அவர்களுக்கு எல்லா மாதமும் 30 நாள், மாதக் கணக்கில் சேராத தனி நாட்கள் வேறு உண்டு. பின்னிணைப்பு 'டி'யில் விளக்கம் இருக்கிறது. அந்தக் கணக்கில் அக்டோபர் 6-க்கும் மார்ச் 13-க்கும் இடையே 159 நாள். ஒரு காயம் வலித்து ஓய்ந்தால் அடுத்த காயத்துக்கு அவ்வளவுதான் அவகாசம்.

இப்போது 'கிரே ஹேவன்ஸ்' என்ற அந்தக் கடைசி அத்தியாயத்துக்குத் திரும்புங்கள். 3020 மார்ச். சாம் மரம் நடும் வேலையாக வெளியூர் போயிருக்கிறான். ஃப்ரோடோ கட்டிலில் கிடப்பதைக் கிழவர் காட்டன் பார்க்கிறார். கழுத்துச் சங்கிலியில் தொங்கும் வெள்ளைக் கல்லை இறுகப் பிடித்திருக்கிறான். அது போயே போய்விட்டது, இனி எல்லாம் இருட்டு, எல்லாம் வெறுமை என்று அரைத்தூக்கத்தில் சொல்கிறான். போனது எது? மோதிரம். அழிந்து ஓராண்டு ஆகப்போகிறது, இன்னும் அதற்காக ஏங்குகிறான். 25-ஆம் தேதி சாம் திரும்பும்போது எழுந்து நடமாடுகிறான், தன்னைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. அந்த 25 எந்த நாள் தெரியுமா? மோதிரம் நெருப்பில் விழுந்து சரியாக ஓராண்டு நிறைந்த நாள். இதையெல்லாம் கதையில் யாரும் நம்மிடம் எடுத்துச் சொல்வதில்லை, தேதி மட்டும்தான் சொல்கிறது.

இதைப் படித்த பிறகும் 'மன உறுதியால் அழித்தவன்' என்று எழுதுவீர்களா? அவன் அழிக்கவில்லை, எஸ். நெருப்பின் விளிம்பில் நின்று, இது என்னுடையது என்று விரலில் மாட்டிக்கொண்டான். முன்பு அந்த மோதிரத்தை வைத்திருந்து, அதற்காகவே பின்தொடர்ந்து வந்த கால்லம் அந்த விரலைக் கடித்துப் பறித்து, ஆனந்தக் கூத்தாடிக் கால் தவறி விழுந்தான். சினிமாவில் இருவரும் மல்லுக்கட்டுவதைப் பார்த்துவிட்டுப் புத்தகத்திலும் அதையே படித்துக்கொள்கிறவர்கள் அதிகம். கொல்ல வாய்ப்பிருந்தும் கால்லமை இரக்கப்பட்டு விட்டுவைத்தார்களே, கடைசியில் காப்பாற்றியது அந்த இரக்கம். 1963 செப்டம்பரில் ஒரு வாசகிக்கு எழுதிய பதிலின் வரைவில் டோல்கின் இதை விரிவாகப் பேசுகிறார்: ஃப்ரோடோ தோற்றான், ஆனால் அது ஒழுக்கத் தோல்வி அல்ல, அந்த இடத்தில் அந்தச் சுமையை எதிர்த்து எவராலும் நின்றிருக்க முடியாது. கப்பல் போகும் இடம் சொர்க்கம் இல்லை என்பதும் அதிலேயே இருக்கிறது. சாவதற்கு முன் ஆற முடிந்தால் ஆறட்டும் என்றுதான் அனுப்புகிறார். அங்கேயும் அவனுக்குச் சாவு உண்டு.

1916-இல் சோம் போர்க்களத்தில் சிக்னல் அதிகாரியாக இருந்து, பதுங்குகுழிக் காய்ச்சலோடு திரும்பியவர் எழுதியது இது. அதற்காகக் கதையை உலகப்போருக்கு உருவகமாக்கிவிடாதீர்கள். இரண்டாம் பதிப்பின் முன்னுரையில் அவரே அதைக் கண்டிப்பாக மறுக்கிறார். 1918-க்குள் தன் நெருங்கிய நண்பர்களில் ஒருவரைத் தவிர எல்லோரும் இறந்துவிட்டார்கள் என்று சொல்வதும் அதே முன்னுரையில்தான்.

ஃப்ரோடோ கப்பலேறியது 3021 செப்டம்பர் 29. இன்னும் ஒரு வாரம் இருந்திருந்தால் இன்னொரு அக்டோபர் 6 வந்திருக்கும். அது வரத்தான் செய்தது. சாம் தனியாக வீடு திரும்பி, மடியில் குழந்தையோடு உட்காரும் அந்தக் கடைசிப் பக்கத்தின் தேதி அக்டோபர் 6. அதுவும் பட்டியலில் இருக்கிறது.

'சில்மரில்லியன்' எங்கும் போய்விடாது, அப்புறம் பார்க்கலாம். முதலில் ஆறாம் பாகத்தின் கடைசி மூன்று அத்தியாயங்களை, பின்னிணைப்பு 'பி'யில் ஒரு விரலை வைத்தபடி மறுபடி படியுங்கள். முடித்ததும் பட்டியலை ஷயர் கணக்கில் 1482 வரை தொடருங்கள். அந்த ஆண்டின் நடுவில் சாமின் மனைவி ரோஸி இறந்துபோகிறாள். செப்டம்பர் 22-ஆம் தேதி, ஃப்ரோடோவின் பிறந்தநாளன்று, சாம் வீட்டைவிட்டுக் கிளம்புகிறான். வழியில், இந்தக் கதையெல்லாம் எழுதிவைத்த சிவப்புப் புத்தகத்தை மகள் எலனோரிடம் ஒப்படைக்கிறான். பிறகு அவனை யாரும் பார்க்கவில்லை. மோதிரத்தைச் சுமந்தவர்களில் கடைசி ஆளாக அவனும் கடல் கடந்தான் என்று எலனோர் வீட்டார் சொல்லிவந்தார்கள். நீங்கள் அழுத பிரிவுக்கு 61 ஆண்டுகள் கழித்து.