கண்ணாடி முகப்பும் சித்திரை வெயிலும்

அன்புள்ள அக்கா,

திருப்பாலையில் எங்களுக்கு மூன்று சென்ட் மனை இருக்கிறது. மேற்குப் பார்த்தது. இந்த வருடம் வீடு கட்டப் போகிறோம். ஹால் இரண்டு மாடி உயரத்துக்கு, மேலே பாதி மாடியாகத் திறந்த படுக்கையறை, முன்பக்கம் தரையிலிருந்து கூரைவரை கண்ணாடி. வெளிநாட்டு லாஃப்ட் வீடுகளின் படங்களைப் பார்த்துப் பார்த்து வந்த ஆசை இது. அப்பாவோ, "அந்த எடத்துல இன்னொரு ரூம் போட்டா வாடகைக்காவது விடலாம். காத்துக்கு எதுக்குடா காசு?" என்கிறார். அழகான வீடு வேண்டும் என்று நினைப்பது எங்களைப் போன்ற குடும்பத்துக்கு ஆடம்பரமா?

க., மதுரை

அன்புள்ள க.,

ஆடம்பரம் இல்லை. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். உயரமான இடத்தில் நிற்கும் சுகம் மதுரைக்காரர்களுக்குப் புதிதா என்ன? 1636இல் எழுந்த திருமலை நாயக்கர் மகாலில் நின்று அண்ணாந்து பார்த்துத்தானே நாமெல்லாம் வளர்ந்தோம். அடுத்த முறை போகும்போது அங்கே வெளிச்சம் எப்படி வருகிறது என்று கவனியுங்கள். வெயில் முற்றத்தில் விழுகிறது. சுற்றிலும் தூண்கள் தாங்கும் ஆழமான தாழ்வாரம். தரையில் பட்டுத் திரும்பிய வெளிச்சம்தான் உள்ளே வருகிறது. அத்தனை உயரமும் நிழலுக்குள் இருக்கிறது.

அதனால் என் பதில் இதுதான்: உயரத்தை வைத்துக்கொள்ளுங்கள், மேற்குக் கண்ணாடியை விட்டுவிடுங்கள்.

நீங்கள் படத்தில் பார்த்த லாஃப்ட் வீடுகளுக்கு மூலம் நியூயார்க்கின் சோஹோ பகுதி. பட்டறைகளாகவும் சரக்குக் கிடங்குகளாகவும் 19ஆம் நூற்றாண்டில் கட்டியவை. வேலைக்குப் பகல் வெளிச்சம் வேண்டுமென்று பெரிய பெரிய ஜன்னல்கள் வைத்தார்கள். தொழில்கள் இடம் பெயர்ந்ததும் 1960களில் ஓவியர்கள் குறைந்த வாடகைக்கு அங்கே குடியேறினார்கள். அவர்கள் அங்கே வசிப்பதைச் சட்டம் ஒப்புக்கொண்டது 1971இல்தான். பனி பெய்கிற ஊர் அது. ஜன்னல் வழியாக வரும் வெயில் அங்கே வரவு.

நம் ஊரில் சித்திரை, வைகாசியில் மாலை நான்கு மணி வெயில் சாய்ந்து வந்து முகத்தில் அறையும். அவ்வளவு தாழ்வாக வரும் வெயிலை சன்ஷேட் தடுக்காது. கண்ணாடி வெயிலை உள்ளே விடும், சூடேறிய தரையும் சோபாவும் உமிழ்கிற வெப்பத்தை வெளியே விடாது. அந்தச் சூடு மேலே ஏறிக் கூரைக்கடியில் தங்கும். நீங்கள் கட்டில் போட நினைப்பது சரியாக அந்த இடத்தில். பகலெல்லாம் காய்ந்த கான்கிரீட் தளமும் நடுராத்திரிவரை சூட்டை இறக்கிக்கொண்டிருக்கும். ஏசி போடலாம் என்றால், இருபது அடி ஹாலில் குளிர வைக்க வேண்டிய காற்று இரண்டு மடங்கு. புதிய ஏரியாக்களில் கண்ணாடி முகப்பு வைத்த வீடுகளைப் பாருங்கள், பகல் முழுக்கத் திரை மூடியே இருக்கிறது.

சின்ன மனையில் என்ன செய்ய முடியும் என்பதற்கு எனக்கு மிகவும் பிடித்த உதாரணம், ஜப்பானில் ஒசாகா நகரின் சுமியோஷியில் கட்டடக் கலைஞர் டாடாவோ ஆண்டோ 1976இல் கட்டிய வீடு. மனை ஒன்றரை சென்ட்கூட வராது. தெருப் பக்கம் ஒரு ஜன்னல் கிடையாது, வெறும் கான்கிரீட் சுவரும் ஒரு வாசலும்தான். நீளத்தை மூன்றாகப் பிரித்து நடுப்பங்கை வானத்துக்குத் திறந்துவிட்டார். எல்லா அறைக்கும் வெளிச்சமும் காற்றும் அங்கிருந்து வருகின்றன. மழை நாளில் படுக்கையறையிலிருந்து கழிப்பறைக்குக் குடையோடு போக வேண்டும். அந்தக் கஷ்டத்தை உங்கள் அம்மா அப்பாவுக்கு நான் சிபாரிசு செய்யமாட்டேன். ஆனால் அந்த நடுப்பங்கு! நம் முற்றத்தை எங்கோ ஒருவர் கான்கிரீட்டில் மறுபடி கண்டுபிடித்திருக்கிறார் என்றுதான் எனக்குத் தோன்றும்.

அவ்வளவு தூரம் போக வேண்டாமென்றால் கோச்சடைக்குப் போய் வாருங்கள். இலங்கையின் ஜெஃப்ரி பாவா 1970களில் மதுரா மில்ஸ் அதிகாரிகளுக்கான கிளப்பாக வடிவமைத்த கட்டடம் இப்போது ஹோட்டலாக இருக்கிறது. நம் பக்கத்துக் கருங்கல், ஆலமரங்கள், ஆழமான நிழல். ஒரு காபி குடித்துக்கொண்டே எல்லாவற்றையும் பார்த்துவிடலாம்.

சரி, உங்கள் வீட்டுக்கு வருவோம். குளியலறை, ஸ்டோர் ரூம் இரண்டையும் மேற்கே தள்ளுங்கள், அவை வெயிலை வாங்கிக்கொள்ளட்டும். உயரத்தை வீட்டின் நடுவில், படிக்கட்டோடு சேர்த்து வையுங்கள். அதன் தலையில் மொட்டைமாடிக்கு மேல் இரண்டு மூன்று அடி தூக்கிய ஒரு கூண்டு. மேலே கண்ணாடி போடாதீர்கள். நம் ஊரில் சித்திரை பிறந்த கையோடு ஒருமுறை, ஆவணியில் ஒருமுறை, நண்பகல் சூரியன் நேர் உச்சிக்கு வரும். மேலே தளம் போட்டு, பக்கங்களில் திறந்து மூடுகிற ஜன்னல் வையுங்கள். வடக்கு ஜன்னல் பெரிதாக இருக்கட்டும். சூடான காற்று அந்த வழியே வெளியேறும். ஆனால் மேலே போனதற்கு ஈடாகக் கீழே காற்று வர வேண்டுமே? ஆடிக்காற்று நமக்கு மேற்கிலிருந்துதானே வருகிறது! ஆகவே மேற்குச் சுவரை ஒரேயடியாக அடைக்காமல், தாழ்வாகச் செங்கல் ஜாலி, அதாவது இடைவெளி விட்டு அடுக்கிய சல்லடைச் சுவர், வையுங்கள். காற்று வரும், வெயில் துண்டு துண்டாகத்தான் விழும். உங்கள் எலிவேஷனும் (முகப்பும்) அதுவே, சாயங்காலத்தில் அத்தனை அழகாக இருக்கும்.

அந்தச் சுவரை கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் கேரளத்தில் பரப்பிய 'ராட் ட்ராப்' முறையில் கட்டச் சொல்லுங்கள். செங்கலைக் குத்துவாட்டில் நிறுத்தி நடுவில் வெற்றிடம் விடுவது. ஏறக்குறைய கால்வாசி செங்கல் மிச்சம், நடுவில் நிற்கும் காற்று வெப்பத்தையும் தடுக்கும். பழகாத கொத்தனார் முகம் சுளிப்பார், ஒரு வரிசை கட்டிக் காட்டினால் பிடித்துக்கொள்வார். தரைக்கு ஆத்தங்குடி கல். மொட்டைமாடிக்கு வெள்ளை கூலிங் டைல்ஸ்.

திறந்த படுக்கையறை வேண்டாம். கீழே வற்றலைத் தாளித்தால் மேலே தும்மல், டிவி சத்தம் வேறு. அங்கே புத்தக அலமாரியும் ஒரு மேசையும் போடுங்கள், தூங்க கதவுள்ள அறை இருக்கட்டும்.

அப்புறம் அப்பா சொல்வது. அதைத் தட்டிவிடாதீர்கள். நாளைக்கு மாடியை வாடகைக்கு விடும் உத்தேசம் இருந்தால், திறந்த ஹால் இரண்டு குடித்தனங்களையும் ஒரே சத்தத்துக்குள் வைத்துவிடும். அப்படியானால் அந்த உயரமான இடத்தின் நீள அகலத்தை எட்டுக்குப் பத்து அடிக்குள் அடக்கி, மாடிப்பக்கம் சுவர் எழுப்பி, வாடகைக்காரர்களுக்கு வெளிப்படி வைத்துவிடலாம். எட்டுக்குப் பத்தில் கிடைக்கும் வெளிச்சமே வீட்டுக்குப் போதும். இதை இப்போதே அப்பாவோடு உட்கார்ந்து பேசி முடிவெடுங்கள், பின்னால் இடித்துக் கட்ட முடியாது.

இன்ஜினியர்கள் பெரும்பாலும் பிளானும் எலிவேஷனும் மட்டும் தருவார்கள். வீட்டைக் குறுக்கே வெட்டிக் காட்டும் செக்‌ஷன் படத்தை அஸ்திவாரம் தோண்டும் முன் கேட்டு வாங்குங்கள். நாலு மணி வெயில் எதுவரை வரும் என்று அதில் கோடு போடச் சொல்லுங்கள். வந்ததும் எனக்கும் அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன்.

அன்புடன்,
அக்கா