ரேடியோ வானத்தைக் கணக்கெடுப்பது: கேள்வி பதில்

ஒன்பதாம் வகுப்பு மாணவி: ரேடியோ மூலம் என்றால் நட்சத்திரம்தானே, ஐயா?

இல்லை, அம்மா. வானத்தில் ரேடியோ அலைகள் வரும் இடத்தைத்தான் ரேடியோ மூலம் என்கிறோம், அவற்றைப் பட்டியலிட்டு வைக்கிறோம். இரவில் நீ பார்க்கும் நட்சத்திரங்களில் அநேகமாக எதுவும் இந்தப் பட்டியல்களில் இருக்காது. காந்தப்புலத்தில் சிக்கி, ஒளியின் வேகத்தை ஒட்டிச் சுழலும் எலக்ட்ரான்கள் வெளிவிடும் அலைகளைத்தான் பெரும்பாலும் பிடிக்கிறோம். வெடித்துச் சிதறிய ஒரு நட்சத்திரத்தின் எச்சத்திலிருந்து அவை வரலாம். எங்கோ ஒரு விண்மீன் மண்டலத்தின் நடுவே கருந்துளை இருபுறமும் பீய்ச்சும் தாரையிலிருந்தும் வரலாம்.

கல்லூரி மாணவர்: ஒருமுறை பட்டியல் எடுத்தால் போதாதா? ஏன் திரும்பத் திரும்ப?

முதலில் எடுத்த பட்டியல் தவறாக இருந்தால் என்ன செய்வீர்கள்? அப்படித்தான் நடந்தது. இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் ரேடியோ வானியலாளர் மார்ட்டின் ரைலின் குழு 1955இல் இரண்டாம் பட்டியலை வெளியிட்டது. அதில் 1,936 மூலங்கள். மங்கலானவை பெரும்பாலும் தொலைவில் இருப்பவை, அவற்றின் அலைகள் நெடுங்காலத்துக்கு முன் கிளம்பியவை. அப்படிப்பட்டவை எதிர்பார்த்ததைவிட மிக அதிகமாக இருந்ததால், பேரண்டம் காலத்தோடு மாறி வந்திருக்கிறது என்று ரைல் வாதிட்டார். அதே காலத்தில் சிட்னி அருகே பெர்னார்ட் மில்ஸின் குழுவும் வானத்தைக் கணக்கெடுத்தது. இரண்டு பட்டியல்களுக்கும் பொதுவான வானப் பகுதியை ஒப்பிட்டபோது பெரும்பாலானவை பொருந்தவே இல்லை.

மலைச்சாலையிலிருந்து இரவில் சமவெளியைப் பார்த்திருப்பீர்கள். தூரத்து ஊரின் தெருவிளக்குகள் எல்லாம் கலந்து ஒரே வெளிச்சமாகத் தெரியும். கேம்பிரிட்ஜ் கருவியின் பார்வைக் கற்றை அகலமானது. பல மங்கலான மூலங்கள் ஒன்றாகக் கலந்து ஒரு பெரிய மூலம் போல் பதிவாகின. கருவியில் பழுது இல்லை, அதன் சக்திக்கு மீறி எண்ணியதுதான் பிழை. அதிர்வெண் ஏறினால் கற்றை குறுகும். அதே குழு அதிர்வெண்ணை இரட்டிப்புக்குச் சற்றுக் குறைவாக உயர்த்தி, 1959இல் மூன்றாம் பட்டியலில் 471 மூலங்களை மட்டும் தந்தது. 1962இல் அதைத் திருத்தியபோது 328 ஆயிற்று. உறுதியாகச் சொல்ல முடிந்ததை மட்டும் வைத்துக்கொண்டதால்தான் அந்தப் பட்டியலின் எண்களை இன்றும் உலகம் முழுவதும் பெயராகப் பயன்படுத்துகிறார்கள். ரைலின் அடிப்படை முடிவும் பிற்பாடு சரி என்றே தெரியவந்தது.

வங்கி ஊழியர்: 3சி 273 என்ற பெயரை எப்படிப் படிப்பது?

மூன்றாம் கேம்பிரிட்ஜ் பட்டியலில் 273ஆவது வரிசை. வரிசை என்பது பிரகாசத்தைப் பொறுத்ததன்று. மேற்கிலிருந்து கிழக்காக, வல ஏற்றத்தின்படி எண் ஏறும். பூமிக்குத் தீர்க்கரேகை போல வானத்துக்கு வல ஏற்றம். திருத்தத்தின்போது இடையில் சேர்க்க வேண்டியவை வந்தன. பழைய எண்களைக் கலைக்காமல் 61.1, 390.3 என்று புள்ளி வைத்துச் சேர்த்தார்கள். நம் தெருக்களில் 12க்கும் 13க்கும் நடுவே புது வீடு கட்டினால் 12ஏ என்று எழுதுவதில்லையா, அதைப் போல.

இப்போதைய பெயர்களில் இடமே இருக்கிறது. ஜே1229+0203 என்றால் வல ஏற்றம் 12 மணி 29 நிமிடம், வான நடுவரைக்கு, அதாவது பூமியின் நடுவரைக்கு நேர் மேலே வானத்தில் ஓடும் கோட்டுக்கு, வடக்கே 2 பாகை 3 கலை (ஒரு பாகைக்கு 60 கலை). அது வேறொன்றுமில்லை, அதே 3சி 273தான்.

ஊட்டிக்காரர்: முத்தோரை மலைச்சரிவில் நிற்கும் தொலைநோக்கியைச் சிறுவயதில் பார்த்திருக்கிறேன். அதற்கும் இதற்கும் தொடர்பு உண்டா?

நிறைய உண்டு, நண்பரே. ரேடியோ வானியலாளர் கோவிந்த் ஸ்வரூப் தலைமையில் அமைந்து 1970இல் இயங்கத் தொடங்கிய கருவி அது. 530 மீட்டர் நீளம், 30 மீட்டர் அகலம். 24 பரவளையச் சட்டங்களின்மேல் 1,100 மெல்லிய எஃகுக் கம்பிகள். அதன் நுட்பம் அந்தச் சரிவில் இருக்கிறது. ஊட்டியின் அட்சரேகை சுமார் 11 பாகை. அதே அளவு சாய்ந்த மலையைத் தேடிப் பிடித்து வடக்குத் தெற்காகக் கிடத்தியதால், கருவியின் நீள அச்சு பூமியின் அச்சுக்கு இணையாகிவிட்டது. அந்த அச்சில் திருப்பினாலே போதும், ஒரு மூலத்தை ஒன்பது மணி நேரத்துக்கு மேல் தொடரலாம்.

அதன் முக்கியமான வேலை நிலவு மறைப்பு. நிலவின் விளிம்பு வானத்தில் ஒரு விநாடிக்கு ஏறக்குறைய அரை வில்விநாடி நகர்கிறது (ஒரு பாகைக்கு 3,600 வில்விநாடி). அது ஒரு மூலத்தை மறைக்கும்போது சமிக்ஞை சட்டென்று விழுந்தால் மூலம் சிறியது. இரண்டு படிகளாக விழுந்தால் அங்கே இரண்டு பகுதிகள் இருக்கின்றன. இந்த வழியில்தான் 1962இல் ஆஸ்திரேலியாவின் பார்க்ஸில் 3சி 273இன் இடம் துல்லியமாகத் தெரிந்தது. மறு ஆண்டே வானியலாளர் மார்ட்டன் ஷ்மித் அதன் செம்பெயர்ச்சி, அதாவது பேரண்டம் விரிவதால் அதன் ஒளியலை நீண்ட அளவு, 0.158 என்று கண்டார். நட்சத்திரப் புள்ளி போலத் தெரிந்த, குவாசார் எனப்படும் இத்தகைய மூலங்கள் எவ்வளவு தொலைவானவை என்பது அப்படித்தான் புரிந்தது.

ஊட்டியில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட மூலங்களை இவ்வாறு அளந்தார்கள். மங்கலானவை சராசரியாகக் கோண அளவிலும் சிறியவை என்று தெரிந்தது. 1975இல் ஸ்வரூப்பும் விஜய் கபாஹியும் அதை வைத்து, பேரண்டம் என்றும் ஒரே நிலையில் இருந்ததில்லை என்று காட்டினார்கள். நம் மலையிலிருந்து இந்தச் சான்று போனது என்பதை எப்போது நினைத்தாலும் எனக்கு நெஞ்சு நிறைகிறது.

இல்லத்தரசி: ரேடியோ ஆய்வகங்களில் கைபேசியை ஏன் அணைக்கச் சொல்கிறார்கள்?

நிலவில் ஒரு கைபேசியை வைத்து, 1 வாட் திறனை 200 கிலோஹெர்ட்ஸ் அகலத்தில் எல்லாத் திசையிலும் ஒலிபரப்பச் செய்தால், பூமியில் அது சுமார் 270 ஜான்ஸ்கியாகத் தெரியும். ஜான்ஸ்கி என்பது ரேடியோ மூலத்தின் பிரகாசத்தை அளக்கும் அலகு. திருத்திய மூன்றாம் பட்டியலில் இடம்பெற 9 ஜான்ஸ்கியே போதும். உங்கள் கைப்பையில் இருப்பது நிலவைவிட எவ்வளவு அருகில் என்று பாருங்கள்.

பொறியாளர்: தொலைநோக்கி இல்லாமல் நான் ஏதாவது செய்ய முடியுமா?

தாராளமாக. புனே அருகே நாராயண்காவை அடுத்த கோடாத்தில் உள்ள 30 அலைவாங்கிகள், 150 மெகாஹெர்ட்ஸில் வானத்தின் பெரும்பகுதியைப் பதிவு செய்திருக்கின்றன. 2017இல் வந்த பட்டியலில் 6 லட்சத்துக்கும் மேற்பட்ட மூலங்கள். அமெரிக்காவின் நியூ மெக்சிகோவில் 1,400 மெகாஹெர்ட்ஸில் எடுத்த பட்டியலில் ஏறத்தாழ 18 லட்சம். இரண்டின் படங்களையும் யாரும் இலவசமாகப் பார்க்கலாம்.

ஒரே மூலத்தை இரண்டிலும் எடுத்து ஒப்பிடுங்கள். சாதாரண மூலமாக இருந்தால் 150இல் 1 ஜான்ஸ்கி இருப்பது 1,400இல் ஐந்தில் ஒரு பங்காகக் குறையும். பதினெட்டில் ஒரு பங்குக்கும் கீழே போனால் நிமிர்ந்து உட்காருங்கள். மிகத் தொலைவிலுள்ள விண்மீன் மண்டலங்களைத் தேடுவோர் அப்படிப்பட்டவற்றைத்தான் பொறுக்கி எடுக்கிறார்கள்.

ஒரு எச்சரிக்கை. தொடக்கக் காலத்தில், மிகப் பிரகாசமான ஒரு மூலத்தின் பக்கத்தில் தெரிந்த புள்ளியைப் புதியது என்று நம்பி இரண்டு வாரங்கள் அதன் பின்னால் அலைந்தேன். அது கருவி தானே உண்டாக்கும் பக்க மடல். எனவே ஒரு படத்தில் மட்டும் தெரிவதை நம்பாதீர்கள். முதலில் சுற்றிலும் பத்துக் கலை தூரத்துக்குப் பிரகாசமான மூலம் ஏதேனும் உண்டா என்று பாருங்கள். பிறகு அந்தப் பகுதியின் இரைச்சல் அளவைக் குறித்துக்கொள்ளுங்கள். இந்தியப் படத்தின் கூர்மை 25 வில்விநாடி, அமெரிக்கப் படத்தினுடையது 45. அங்கே ஒன்றாகத் தெரிவது இங்கே இரண்டாகப் பிரிந்திருந்தால், இரண்டையும் கூட்டிய பிறகே ஒப்பிட வேண்டும்.