வட்டத்தின் நடுவில் யார்?

கேள்வி: போர்ச் செய்தியோடு வந்த ஒரு வரைபடத்தைப் பற்றிப் போன இதழில் அவ்வளவு கோபப்பட்டிருந்தீர்களே! அரசாங்கங்கள் பேச்சில் பொய் சொல்லும், சரி. வெறும் வரைபடத்தில் என்ன பிரசாரம் செய்துவிட முடியும்?

பதில்: இந்த 'வெறும்' என்ற சொல்லை நம்பித்தான் அரசாங்கங்கள் வரைபடத்தைக் கையில் எடுக்கின்றன. மந்திரி மேடையில் பேசினால், 'அவர் அப்படித்தான் சொல்வார்' என்று பாதியைக் கழித்துவிட்டுக் கேட்கிறோம். வரைபடத்தில் யாரும் எதையும் கழிப்பதில்லை. பள்ளிக்கூடச் சுவரில் பார்த்துப் பழகிய பொருள் அல்லவா?

1930களில் நாஜி ஜெர்மனியில் ஒரு படம் வந்தது. 'ஒரு குட்டி நாடு ஜெர்மனியை மிரட்டுகிறது' என்று தலைப்பு. குட்டி நாடு என்றது செக்கோஸ்லோவாக்கியாவை. அங்கிருந்து கிளம்பும் விமானங்கள் ஜெர்மனியின் மேல் விசிறி போல விரிந்து நிற்கும். இப்படிப்பட்ட படத்தில் ஒரு கோடுகூடப் பொய்யாக இருக்க வேண்டிய அவசியமில்லை. விமானம் அவ்வளவு தூரம் பறக்கும்தான். 'பறக்க முடியும்' என்பதைப் 'பறந்து வரப்போகிறார்கள்' என்று படிக்க வைத்தால் போதும், வேலை முடிந்தது. செக்கோஸ்லோவாக்கியாவின் தலைநகர் பிராகிலிருந்து பெர்லின் எவ்வளவு தூரமோ, பெர்லினிலிருந்து பிராகும் அவ்வளவு தூரம்தான். ஜெர்மனியின் விமானங்களை அதில் வரையவில்லை. 1938 அக்டோபரில் செக்கோஸ்லோவாக்கியாவின் எல்லைப் பகுதியான சுடேட்டன்லாந்து ஜெர்மனியிடம் போயிற்று. 1939 மார்ச்சில் ஜெர்மன் படை பிராகுக்குள்ளேயே வந்து நின்றது.

நாஜிகளோடு நிறுத்திக்கொண்டால் நான் பாதிப் பதில் சொன்னவனாவேன். 1941 அக்டோபர் 27 அன்று அமெரிக்க ஜனாதிபதி ரூஸ்வெல்ட், ஹிட்லர் அரசின் ரகசிய வரைபடம் ஒன்று தன்னிடம் இருப்பதாக வானொலியில் சொன்னார். தென் அமெரிக்காவை ஐந்து அடிமை நாடுகளாகக் கூறு போட்ட படமாம். நிருபர்கள் கேட்டபோது காட்ட மறுத்துவிட்டார். அதைக் கொண்டுபோய்க் கொடுத்தது பிரிட்டிஷ் உளவுத்துறை. அவர்களே தயாரித்த போலி என்பதுதான் இன்றைக்குப் பெரும்பாலான வரலாற்றாசிரியர்களின் முடிவு. ஹிட்லரை எதிர்த்தது நியாயம். அதற்காக ஒரு போலிப் படத்தின் பேரைச் சொல்லி மக்களைப் போருக்குத் தயார்ப்படுத்தியதை நான் நியாயம் என்று சொல்ல மாட்டேன். இதற்காக என்னோடு சண்டை போட்ட நண்பர்கள் உண்டு. இன்னும் போடட்டும்.

அப்புறம், மெர்கேட்டர் உலகப்படம். மறுபடியுமா என்று கேட்காதீர்கள், எழுதத்தான் செய்வேன். 1569இல் கடலோடிகள் திசை பிடிக்க உருவான படம் அது. அந்த வேலைக்கு அற்புதமானது. ஆனால் துருவத்தை நெருங்க நெருங்க அதில் நிலம் ஊதிப் பெரிதாகிவிடும்; கிரீன்லாந்து ஆப்பிரிக்கா அளவுக்குத் தெரியும். உண்மையில் ஆப்பிரிக்கா அதைப்போல 14 மடங்கு. சோவியத் யூனியனும் ஆப்பிரிக்காவைவிடச் சிறியதாகத்தான் இருந்தது. பனிப்போர்க் காலத்தில் அதே மெர்கேட்டர் படத்தில் சிவப்பு அடித்துக் காட்டியபோது உலகத்தையே மூடவரும் பூதம் போலத் தெரிந்தது. இதற்குத் தனியாகப் பொய் சொல்ல வேண்டுமா? சிவப்பு மை போதும்.

2003இல் 'தி எகனாமிஸ்ட்' பத்திரிகைகூட வடகொரிய ஏவுகணைகள் எட்டும் தூரத்தை மெர்கேட்டர் படத்தின் மேல் காம்பஸால் போட்டதுபோல வட்டம் வட்டமாக வரைந்து, பிறகு திருத்தம் வெளியிட்டது. உருண்டையான பூமியில் போடும் வட்டம் அந்தத் தட்டைப் படத்தில் வட்டமாக இருக்காது. தூரம் கூடக்கூட வடதுருவத்தை நோக்கி விரிந்துகொண்டே போகும். கெட்ட எண்ணம் இல்லாதவர்களே இப்படித் தடுக்கி விழுந்தால், எண்ணத்தோடு வரைகிறவர்கள் என்னதான் செய்யமாட்டார்கள்?

போன இதழில் நான் கோபப்பட்ட படத்திலும் ஏவுகணை வட்டம்தான், அதுவும் ஒரே ஒரு நாட்டைச் சுற்றி. எதிரிலிருந்த நாட்டிடமும் ஏவுகணை இருக்கிறது. அதற்கு வட்டம் இல்லை. நம் ஓவியரிடம் சொல்லிவிட்டேன்: இந்தப் பத்திரிகையில் ஒருவருக்கு வட்டம் போட்டால் மற்றவருக்கும் போட வேண்டும், கீழே அளவுகோலும் இருக்க வேண்டும். பக்கத்தில் இடம் போதாது என்கிறார். என் தலையங்கத்தில் பத்து வரி வெட்டிக்கொள்ளச் சொல்லியிருக்கிறேன்.