தொப்பி நாடாவும் சோற்றில் கல்லும்

அன்புள்ள ஐயா,

பிரிட்டிஷ் ஆட்சியில் 1946-இல் இந்தியக் கடற்படை மாலுமிகள் செய்த எழுச்சி பற்றி நீங்கள் எழுதியதைப் படித்தேன். என் தாத்தா போர்க்காலத்தில் நேவியில் சேர்ந்து, 1946-இல் ஊர் திரும்பியவர். ‘வேலையை விட்டுட்டு வந்தவர்’ என்றுதான் வீட்டில் பேச்சு. அவர் வாயைத் திறந்ததே இல்லை. காலமாகிப் பத்து வருடமாகிறது. போன மாதம் அவருடைய டிரங்குப் பெட்டியில் ‘எச்.எம்.ஐ.எஸ்.’ என்று மட்டும் எழுதிய கறுப்புத் தொப்பி நாடாவும், மடிப்பில் கிழிந்த ஒரு சான்றிதழும் கிடைத்தன. நாடாவில் ஏன் கப்பல் பெயர் இல்லை? சோற்றில் கல் கடித்தால் பேசாமல் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்துவிடுவார். அவர் எழுச்சியில் இருந்திருப்பாரா?

எம்.

அன்புள்ள எம்.,

எச்.எம்.ஐ.எஸ். என்றால் ‘மாட்சிமை தங்கிய மன்னரின் இந்தியக் கப்பல்’. அதை அடுத்துக் கப்பல் பெயர் இல்லாததற்குக் காரணம் போர்தான். மாலுமியின் தொப்பியைப் பார்த்தே எந்தக் கப்பல் எந்தத் துறைமுகத்தில் நிற்கிறது என்று தெரிந்துவிடும் அல்லவா? அதனால் பெயரை எடுத்துவிட்டார்கள்.

நீங்கள் சொன்ன கல்லுக்கு வருகிறேன். 1946 பிப்ரவரி 18 அன்று பம்பாயில் ‘தல்வார்’ என்ற சிக்னல் பயிற்சி நிலையத்தில் மாலுமிகள் சாப்பிட மறுத்ததில்தான் எல்லாம் தொடங்கியது. கல் கலந்த, வாயில் வைக்க முடியாத சாப்பாடு, வெள்ளை அதிகாரிகளின் வசவு, சம்பளத்தில் பாகுபாடு. சில நாட்களில் 78 கப்பல்கள், ஏறத்தாழ 20,000 பேர் என்று அது பரவியது. மாலுமிகளுக்காகப் பம்பாய்த் தெருவில் இறங்கிய மக்களில் 200-க்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். பழிவாங்கல் இருக்காது என்று காங்கிரஸ் தலைவர் சர்தார் படேல் சொன்னதை நம்பி மாலுமிகள் 23-ஆம் தேதி சரணடைந்தார்கள். ஆனாலும் 476 பேரின் வேலை போனது. விடுதலைக்குப் பிறகும் அவர்களைத் திரும்பச் சேர்க்கவில்லை என்பதை நினைத்தால் இன்றும் எனக்கு மனம் ஆறுவதில்லை.

ஆனால் 1946-இல் ஊர் திரும்பியவர்கள் எல்லாரும் அந்த 476-இல் அடக்கமில்லை. போர் முடிந்ததும் ஆயிரக்கணக்கானவர்களை ஆட்குறைப்பில் அனுப்பினார்கள். ஆகவே சான்றிதழில் விடுவித்த தேதியையும் காரணத்தையும் பாருங்கள். மடிப்பை இழுத்துப் பிரிக்க வேண்டாம். தெரிகிற வரைக்கும் முதலில் படமெடுத்து வையுங்கள். ஆட்குறைப்பு என்று இருந்தாலும் மனம் தளராதீர்கள். போர்க்காலக் கடலில் வேலை பார்த்தவர் அவர்.

என் பெரியப்பாவும் நேவிக்காரர்தான். அவர் போன பிறகு கப்பல் பெயரைத் தேடிக் காகிதம் காகிதமாகப் புரட்டினேன். பெரியம்மா பக்கத்திலேயே இருந்தார், அவரிடம் கேட்கத் தோன்றவில்லை. ஒருநாள் அவராகவே சொன்னார்: “ராத்திரி பன்னெண்டுக்கு எழுந்து திண்ணையில போய் உட்காருவாரு. நாலு மணிக்குத்தான் வந்து படுப்பாரு. கல்யாணமான புதுசுல பயந்துட்டேன்.” கப்பலில் நள்ளிரவுக் காவல் சரியாகப் பன்னிரண்டிலிருந்து நாலு வரை. அப்புறம்தான் நோட்டை எடுத்துக்கொண்டு அவரிடம் உட்கார்ந்தேன். இரண்டு பக்கம்தான் எழுத முடிந்தது. அடுத்த தைக்கு அவரும் இல்லை.

உங்கள் தாத்தாவுக்காக அரிசியில் கல் பொறுக்கியவர்கள் யாராவது இன்னும் வீட்டில் இருக்கிறார்களா? இருந்தால் இந்த ஞாயிற்றுக்கிழமையே போய்ப் பக்கத்தில் உட்காருங்கள். அந்த நாடாவையும் எடுத்துப் போய் அவர் கையில் கொடுங்கள். சான்றிதழில் காரணம் என்னவென்று இருக்கிறது என எனக்கும் எழுதுங்கள்.